தாத்தா ஊரும் பாட்டி ஊரும்: தமிழ்-சீனக் குடும்பத்தார் பூர்வீகம் தேடும் வழி

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ தமிழ்த் தாத்தாவுக்கும் சீனப் பாட்டிக்கும் பேரப்பிள்ளையாகப் பிறந்தவரா? விமான டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள். பாதித் தேடல் வீட்டிலும் இடுகாட்டிலும் முடிந்துவிடும்.

பாட்டி பக்கத்தை அவருடைய பெற்றோரின் கல்லறையில் தொடங்குங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரை நம்பினால் வழி தவறும். ஒரே குடும்பப் பெயர் சீன மொழி வழக்குக்கு ஏற்ப மாறும்: ஹொக்கியனில் ‘டான்’, கான்டனீஸில் ‘சான்’, மாண்டரினில் ‘சென்’. கல்லில் நடுவரி இறந்தவர் பெயர். மேலேயோ ஓரத்திலோ சின்ன எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பூர்வீக மாவட்டம். எழுத்து தேய்ந்திருந்தால் கம்பி பிரஷ் போடாதீர்கள், கல்லே உரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். அந்த ஊர் இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால் பெயர் மாறியிருக்கலாம்: தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் உள்ள தாய்ஷான் 1914 வரை சின்னிங். சிங்கப்பூரில் 1973இல் மூடப்பட்ட புக்கிட் பிரௌன் இடுகாட்டின் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைக்கும் குலப் பதிவேட்டில் பாட்டியின் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். பழைய ஏடுகளில் பெண்பிள்ளைகளை எழுதுவது அபூர்வம். அவருடைய அப்பா, அண்ணன் தம்பி பெயர்களைத் தேடுங்கள். ஒரே தலைமுறை ஆண்களின் பெயரில் ஓர் எழுத்து பெரும்பாலும் பொதுவாக இருக்கும். கிளையைப் பிடிக்க அதுதான் கொக்கி. கைக்குழந்தையாகத் தமிழ் வீட்டுக்குத் தத்து வந்த பாட்டி என்றால் பிறப்புச் சான்றிதழும் தத்துப் பத்திரமும் கிடைத்தால்தான் உண்டு.

தாத்தா பக்கத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று மட்டும் இருந்தால் அது இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறையாகவும் இருக்கலாம். ‘திருச்சி ஜில்லா’வுக்குள் கரூரும் பெரம்பலூரும் அரியலூரும் அடக்கம். ஊர்ப்பெயர் மறந்த குடும்பத்திலும் குலதெய்வத்தின் பெயர் தங்கியிருக்கும். ஆனால் வெறும் ‘அய்யனார்’ போதாது, அவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். சாமியின் முழுப்பெயர், கூட நிற்கும் காவல் தெய்வம், வீட்டில் திரும்பத் திரும்ப வைக்கும் பெயர் என மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கோயில்கள் பல நாள் பூட்டியே கிடக்கும். மகா சிவராத்திரிக்கு, நெல்லைப் பக்கம் என்றால் பங்குனி உத்திரத்துக்குப் போனால் பங்காளிகளை ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

சீனாவில் பெயரைச் சொல்லாதீர்கள், காட்டுங்கள். கல்லில் உள்ள பழைய எழுத்தையும் இன்றைய எளிய எழுத்தையும் பெரிதாக அச்சடித்து எடுத்துப்போங்கள். தமிழ்நாட்டில் முகத்தைப் பார்த்ததும் ‘சைனாக்காரரா?’ என்பார்கள். கோபப்படாமல் தாத்தாவின் போட்டோவை நீட்டுங்கள். அடுத்த சந்தேகம் நிலம். “சொத்து கேட்டு வரல, சாமி கும்பிட வந்தோம்” என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் பெரியப்பா வீடு எது, சித்தப்பா வீடு எது என்று பேச்சு தொடங்கும்.