சட்டர் தானாக மூடுவதற்கு முன்

கரடிப்போக்குச் சந்தியிலிருந்து மாங்குளம் வரைக்கும் கண்டி வீதியின் இரு பக்கமும் சட்டர் மோட்டார் வேலைக்குப் போய்வருகிறவன் நான். கொட்டகைக்கு மோட்டார் போட்டவர்கள் அடுத்ததாகக் கேட்பது ஒன்றுதான்: "மூட மறந்துவிட்டால் தானாக மூடிக்கொள்ள ஏதாவது செய்து தர முடியுமா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரவில் கொட்டகை திறந்து கிடந்தால் நெல் மூடைக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். விடியற்காலையில் உழவு இயந்திரத்தில் ஏறப் போன ஒருவர், மிதிபலகைக்குக் கீழே புடையன் சுருண்டு கிடந்ததைக் கண்டு பின்வாங்கினார். அவருடைய கொட்டகைக்குத்தான் முதன்முதலில், சட்டரைத் தானாக மூடும் பெட்டி பொருத்தினேன்.

அதைப் பிழையாகப் பொருத்தினேன். டைமர் மட்டும் வைத்தேன்: திறந்து 5 நிமிடம் போனதும் சட்டர் இறங்கும். மூன்றாம் நாள் பின்னேரம் அந்த வீட்டு ஆச்சி வாசலில் கால் நீட்டி இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது சட்டர் இறங்கத் தொடங்கியது. பேரன் ஓடிப்போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். ஆச்சி தப்பினார், பக்கத்தில் இருந்த சுளகு நசிந்தது. "தம்பி, இதற்குக் கண் இல்லையா?" என்று கேட்டார். அன்றைக்கே அதைக் கழற்றினேன். இன்று வரை, வாசலில் ஆளோ பொருளோ இருப்பதை உணரும் சென்சர் கண் இல்லாமல் ஒரு பெட்டியும் நான் பொருத்தவில்லை, யார் கேட்டாலும் பொருத்தமாட்டேன்.

வன்னியில் கொட்டகை வாசல் வாகனம் போய்வரும் வழி மட்டுமல்ல. வெயிலுக்கு நிழலும் காற்றும் அங்கேதான் கிடைக்கும். கோழி நிற்கும், நாய் படுத்திருக்கும், பிள்ளை விளையாடும். ஆகவே இந்த வேலையில் மூட வைப்பது சிறு பங்கு. எப்போது மூடக்கூடாது என்பதைக் கதவுக்குத் தெரியவைப்பதுதான் பெரும் பங்கு.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகைக் கதவு என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சுருண்டு ஏறும் சட்டர். மேலே பக்கவாட்டில் மோட்டார், கையால் இழுக்க ஒரு சங்கிலி, சுவரில் ஏற்ற, நிறுத்த, இறக்க என்று மூன்று பொத்தான்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்து கட்டிய புதிய வீடுகளில், பலகை பலகையாக மடிந்து கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் கதவுகளும் வந்துவிட்டன. அவற்றுக்குப் பொத்தான் ஒன்றே. ஒரு முறை அழுத்தினால் திறக்கும், மறுமுறை அழுத்தினால் மூடும். இந்த வேறுபாடு முக்கியமானது. மூன்று பொத்தான் சட்டரில் 'இறக்கு' என்றால் இறங்கும், அவ்வளவுதான். ஒற்றைப் பொத்தான் கதவில், மூடியிருக்கும் கதவுக்குப் பெட்டி ஒரு துடிப்பு அனுப்பினால் அது திறந்துவிடும். வீட்டார் நல்ல நித்திரையில் இருக்கும்போது கதவு அகலத் திறந்துகொள்ளும்.

கனடாவில் இருக்கும் உறவினர் மோட்டாரைப் பொதிசெய்து அனுப்பியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் எரிந்துபோகும். வோல்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும். அதைப் போட்டாலும் ஹேர்ட்ஸ் மாறாது, ஆதலால் ஏசி மோட்டார் மெதுவாக ஓடிச் சூடேறும்.

வேறெதற்கும் முன் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகையோடு வந்த கையேட்டைப் பிரித்துப் படியுங்கள். பல பலகைகளில் தானாக மூடும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. சிறு சுவிச் ஒன்றைத் தள்ளினால் போதும், தனிப் பெட்டிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அந்த வசதியுள்ள நல்ல பலகைகள், சென்சர் கண்களை இணைக்காவிட்டால் தானாக மூட மறுக்கும். அந்த மறுப்பைச் சுற்றிவளைத்து ஏமாற்ற வழி சொல்லித் தருகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

தனிப் பெட்டிதான் வேண்டுமென்றால், அதற்குள்ளே நடப்பது இதுதான். கதவின் அடிப்பலகையில் ஒரு காந்தம், நிலைச் சட்டத்தில் ஒரு காந்தச் சுவிச். கதவு முழுதாக மூடியிருக்கும்போது இரண்டும் நேருக்கு நேர் நிற்கும். விலகினால் டைமர் எண்ணத் தொடங்கும். நேரம் முடிந்ததும் ரிலே ஒன்று, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிச், அரை வினாடி ஒட்டி விலகும். சுவர்ப் பொத்தானை ஒருவர் அழுத்தியதற்கு அது சமம். ரிலேயின் இரண்டு கம்பிகளும் சுவர்ப் பொத்தானின் இரண்டு முனைகளோடு சேரும். மூன்று பொத்தான் சட்டரில் 'இறக்கு' முனையோடு சேரும்.

கம்பியைத் தொடுவதற்கு முன் அந்த முனைகளில் வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றர் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பலகைகளில் 24 வோல்டும் அதற்குக் குறைவும்தான் காட்டும். ஆனால் மலிவான சில சட்டர் பெட்டிகளில் சுவர்ப் பொத்தானுக்கே 230 வோல்ட் நேராகப் போகிறது. பரந்தனில் ஒரு கடையில் பொத்தான் மூடியைக் கழற்றியதும் மீற்றர் 230 காட்டியபோது எனக்கே வியர்த்தது. அப்படி இருந்தால் அது உங்கள் வேலையல்ல. மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

இனிக் கண். ஒரு பக்கம் ஒளியை அனுப்பும் கண், எதிர்ப் பக்கம் அதை வாங்கும் கண். நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு மேலே போகாமல் வையுங்கள். 1993 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்பனைக்குச் செய்யப்பட்ட வீட்டுக் கதவு மோட்டார்கள் யாவும் இப்படியான கண்ணையோ, தொட்டால் உணரும் விளிம்பையோ கொண்டிருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. கதவுக்கு அடியில் அகப்பட்டுச் சிறு பிள்ளைகள் இறந்த பிறகு வந்த சட்டம் அது. 15 சென்ரிமீற்றர் என்பதும் படுத்துக் கிடக்கும் பிள்ளையைக் காணும் உயரம்.

ஆனால் உழவு இயந்திரக் கொட்டகைக்கு அந்த உயரம் மட்டும் போதாது. உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியை இழுத்து வந்து வாசலில் பாதியில் நிறுத்தினால், சில்லுக்கு முன்னால் உள்ள இடைவெளியில் ஒளிக்கதிர் தடையில்லாமல் போய்விடும். வாசல் வெறுமையாக இருக்கிறது என்று கண் சொல்லும், சட்டர் இழுவைப் பெட்டியின் மேல் இறங்கும். ஆகவே 70 சென்ரிமீற்றர் அளவில் இரண்டாவது சோடிக் கண் வைக்கிறேன். உங்கள் இழுவைப் பெட்டியின் பலகை நிற்கும் உயரத்தை அளந்து, அதற்கேற்ப வையுங்கள்.

கண்ணை இணைக்கும்போது, வாசலில் தடையில்லாதபோது மின்சுற்று இணைந்திருக்கும் தொடுகையைப் பயன்படுத்துங்கள்; சுற்று அறுந்தால் தடை இருப்பதாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும். அப்போதுதான் எலி கம்பியைக் கடித்தாலும் கதவு இறங்காமல் நிற்கும். எலி கடிக்கும், நெல் இருக்கும் கொட்டகையில் அதற்கு ஐயமே வேண்டாம். கம்பி முழுவதையும் பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

வாசல் வடக்கு அல்லது தெற்குப் பார்த்தால் ஒரு கண் காலை வெயிலையும் மற்றது மாலை வெயிலையும் நேரே பார்க்கும். ஒளியை வாங்கும் கண்ணில் சூரியன் விழுந்தால் அது குழம்பிவிடும். வாங்கும் கண்ணை மேற்குப் பக்கத்தில், கிழக்குப் பார்க்க வையுங்கள். அந்தியில், கதவு மூட வேண்டிய நேரத்தில், அதன் முகத்தில் வெயில் படாது. முன்னால் ஏழு சென்ரிமீற்றர் நீளக் குழாய்த் துண்டு ஒன்றைத் தொப்பிபோல மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. அறுவடைக் காலத் தூசியும் குளவிக் கூடும் கண்ணை மறைக்கும். வாரம் ஒரு முறை பருத்தித் துணியால் துடைத்தால் தீர்ந்தது. "கண் தொந்தரவு தருகிறது, கழற்றிவிடு" என்று சொல்லி அழைத்த வீடுகளில் பாதியில் ஒரு துடைப்போடு என் வேலை முடிந்திருக்கிறது.

நேரம் வைப்பதற்கு வருவோம். பகலில் மூடும் பெட்டி வேலை செய்யவே கூடாது என்பது என் முடிவு. 24 மணி நேர டைமர் சுவிச் ஒன்றை முன்னால் போட்டு, இரவு 7 முதல் காலை 5 வரை மட்டும் மூடும் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கிறேன். பகலில் ஆச்சிமார் வாசலில் இருக்கட்டும். இரவிலும் 10 நிமிடமாவது விடுங்கள். 1 நிமிடத்தில் மூடுமாறு வைத்தால் ஆட்கள் எரிச்சலில் செங்கல்லை வைத்துக் கண்ணை மறைப்பார்கள். இறங்கத் தொடங்குவதற்கு முன் குறைந்தது 5 வினாடி விளக்கு மின்னவும் ஒலி எழவும் வேண்டும். யூஎல் 325 என்ற அமெரிக்கத் தரவிதி கேட்பதும் அதுவே. கதவு மூடவில்லை என்று காந்தச் சுவிச் சொன்னால் பெட்டி இன்னொரு முறை முயலலாம். அதற்குப் பிறகு முயற்சியை விட்டுவிட்டு ஒலி எழுப்ப வேண்டும். விடாமல் முயலும் பெட்டியை வாங்காதீர்கள்.

இப்போது சோதனை. ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பனஞ்சலாகைத் துண்டை வாசல் நடுவில் தட்டையாகப் போட்டு, கதவை மூட விடுங்கள். துண்டைத் தொட்டு 2 வினாடிக்குள் கதவு திரும்ப ஏற வேண்டும். மடிந்து ஓடும் கதவு மோட்டார்களில் இது இருக்கும். மலிவுச் சட்டர் மோட்டார் பலவற்றில் இல்லை, அவை துண்டை அழுத்திக்கொண்டே நிற்கும். அப்படியானால் தொட்டால் உணரும் விளிம்பு ரப்பரைச் சட்டரின் அடியில் பொருத்தி, அதன் கம்பியைப் பலகையோடு இணைக்காமல் தானாக மூடும் வேலையைத் தொடங்காதீர்கள். அடுத்து, கதவு இறங்கும்போது நீண்ட தடியால் கதிரை மறியுங்கள். உடனே திரும்ப வேண்டும். கை, கால் கொடுத்துப் பார்க்க வேண்டாம். ஸ்பிரிங்கைத் தளர்த்தவோ முறுக்கவோ நீங்கள் முனையவும் வேண்டாம், அதில் இருக்கும் இழுவிசை கையை முறிக்கும்.

கடைசிச் சோதனையை 2022 எனக்குக் கற்பித்தது. அந்த மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. ஆட்கள் சங்கிலியால் சட்டரைக் கையால் ஏற்றி, பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். மின்சாரம் திரும்பியதும் சில பெட்டிகள் எச்சரிக்கையே இல்லாமல் உடனே இறக்கின. எனவே கதவைப் பாதியில் நிறுத்தி, மெயின் சுவிச்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். கதவு அசையக் கூடாது. டைமர் முதலிலிருந்து எண்ண வேண்டும். அசைந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். ஐப்பசி இடிமின்னலுக்கு முன்னர் மின்பாய்ச்சல் தடுப்பு ஒன்றும் போட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கையால் திறக்கும் சங்கிலியையோ சிவப்புக் கயிற்றையோ வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரு முறை இழுத்துப் பார்க்கச் சொல்வேன், ஆச்சியையும் சேர்த்து. பிறகு பெட்டி மூடியின் உட்பக்கத்தில் மை பேனாவால் நேர அமைப்பையும் பனஞ்சலாகைச் சோதனை செய்த திகதியையும் எழுதுவேன். மாதம் ஒரு முறை அதே துண்டை வைத்துப் பார்த்து, புதிய திகதியை அதற்குக் கீழே எழுதுங்கள். துண்டைத் தொலைக்காமல் இருக்க, ஆணியில் கட்டிக் கதவோரம் தொங்கவிட்டிருப்பேன்.