அஞ்சாறு பேரு சேர்ந்து உக்காந்து பணத்தப் பத்தி பேசுறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

சம்பளம் வந்து பத்து நாள்ல எங்க போச்சுன்னே தெரியலன்னு சொல்றவங்கள்ல நெறய பேருக்கு கணக்கு நல்லாவே வரும், வட்டி எவ்ளோன்னு கேட்டா மனசுலயே போட்டு சொல்லிடுவாங்க. அவங்களுக்கு இல்லாதது பணத்தப் பத்தி மனசு விட்டு பேச ஒரு ஆள். வீட்ல பேச்செடுத்தா சண்டைல முடியும், ஆபீஸ்ல பேசினா சம்பளம் வெளில தெரிஞ்சுரும், சொந்தக்காரங்ககிட்ட பேசினா கைமாத்து கேப்பாங்க இல்லன்னா ஒரு பாலிசி எடுத்துக்கோன்னு ஃபாரத்த நீட்டுவாங்க. அதனால ஒவ்வொருத்தரும் தனியாவே முழிச்சிக்கிட்டு இருக்கோம்.

இதுக்கு வழி நம்ம ஊர்லயே இருக்கு. 1989ல தருமபுரில மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பிச்சு இன்னைக்கு கிராமத்துக்கு கிராமம் இருக்குல்ல, அந்தக் குழுக்களுக்கு அஞ்சு விதி சொல்லிக் குடுப்பாங்க: ஒழுங்கா கூட்டம் போடணும், ஒழுங்கா சேமிக்கணும், குழுவுக்குள்ள கடன் குடுக்கணும், சொன்ன நேரத்துல திருப்பிக் கட்டணும், நோட்டு சரியா எழுதணும். நான் சொல்லப்போற குரூப்புக்கு இதுல முதல் விதியும் கடைசி விதியும் போதும். கூட்டமும் நோட்டும். பணத்த ஒண்ணா சேக்கவே வேணாம், பேச்ச மட்டும் சேப்போம்.

படி 1: ஆள் சேக்கிறது

அஞ்சு பேரு ஆரம்பிக்க போதும், எட்டுக்கு மேல வேணாம், ஏன்னா எட்டு பேருக்கு மேல போனா ஒரு மணி நேரத்துல எல்லாரும் பேச முடியாது, பேசாம உக்காந்திருக்கிறவங்கதான் மெதுவா வராம போயிடுவாங்க. ஒரே மாதிரி ஆளுங்களா சேக்காதீங்க. மாசச் சம்பளக்காரங்க ரெண்டு பேரு, கடை வெச்சிருக்கிற ஒருத்தரு, குடும்பச் செலவ பாத்துக்கிற அக்கா ஒருத்தரு, ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தரு இருந்தா பேச்சு நல்லா இருக்கும். பென்ஷன் பத்தி பெரியவருக்கு தெரியும், அரிசி பருப்பு விலைல எங்க மிச்சம் பிடிக்கலாம்னு அக்காவுக்கு தெரியும், யூபிஐல எப்படி ஹிஸ்டரி எடுக்கிறதுன்னு சின்ன வயசுக்காரங்களுக்கு தெரியும்.

இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், நெட்வொர்க் மார்க்கெட்டிங் ஏஜென்ட் யாரையும் உறுப்பினரா சேக்க வேணாம். அவங்க கெட்டவங்கன்னு இல்ல, ஆனா அவங்க வருமானம் நம்ம முடிவுல இருக்கு, அங்க பேச்சு நேர்மையா நடக்காது. ஏதாவது தெரிஞ்சுக்கணும்னா ஒரு நாள் விருந்தாளியா கூப்பிட்டு கேட்டுக்கலாம்.

படி 2: முதல் நாளே மூணு ரூல்

ஒண்ணு, குரூப்புக்குள்ள யாரும் யாருக்கும் கடன் குடுக்கக் கூடாது, ஜாமீன் கையெழுத்தும் போடக் கூடாது. ரெண்டு, யாரும் எதையும் விக்கக் கூடாது. மூணு, இங்க பேசினது வெளில போகக் கூடாது, வீட்டுக்காரர்கிட்டயோ வீட்டம்மாகிட்டயோ கூட அடுத்தவங்க கடனப் பத்தி சொல்லக் கூடாது.

இந்த மூணையும் நோட்டோட முதல் பக்கத்துல எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க. கடன் வேணாம்னு சொல்றது மனசுக்கு கொஞ்சம் கஷ்டமா இருக்கும், கூட உக்காந்திருக்கிறவங்களுக்கு உதவாம என்ன குரூப்புன்னு தோணும், ஆனா பத்தாயிரம் குடுத்து வாங்கிட்டா அடுத்த மாசமே அந்த ரெண்டு பேருல ஒருத்தரு கூட்டத்துக்கு வரமாட்டாரு. கடன் வேணும்ங்கிறவருக்கு எந்த பேங்க்ல குறைஞ்ச வட்டிக்கு கிடைக்கும், என்ன பேப்பர் வேணும்னு தேடிக் குடுக்கலாம், கூடவே பேங்க்குக்கு போகலாம். அதுவும் பெரிய உதவிதான்.

சம்பளத்த ரூபாயா சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆரம்பத்துல சதவீதமா சொல்லுங்க, வருமானத்துல நாப்பது சதவீதம் இஎம்ஐக்கு போகுதுன்னு சொன்னாலே எல்லாருக்கும் நிலைமை புரிஞ்சிரும். நம்பிக்கை வந்தப்புறம் அவங்களே ரூபாயா சொல்லுவாங்க.

படி 3: முதல் மாசம் வெறும் செலவு எழுதுறது

மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு மணி நேரம், யார் வீட்டு மாடியா இருந்தாலும் சரி. முதல் கூட்டத்துல முதலீடு, ஷேர் மார்க்கெட் எதையும் எடுக்காதீங்க. அடுத்த முப்பது நாளுக்கு செலவ எழுதுங்கன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டும் யூபிஐ ஹிஸ்டரியும் இருக்கிறதால பாதி வேலை தானா முடிஞ்சிரும், கைல காசா குடுக்கிறத மட்டும் எழுதினா போதும்.

நாலு தலைப்பு போட்டுக்கோங்க: கட்டாயம் குடுக்க வேண்டியது (வாடகை, கரண்ட், ஸ்கூல் ஃபீஸ், இஎம்ஐ), சாப்பாடு, இஷ்டத்துக்கு செலவு பண்ணது, அடுத்தவங்களுக்கு குடுத்தது. நாலாவத தனியா போடச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, மொய், கோயில் வரி, தங்கச்சி பிரசவம், ஊருக்கு அனுப்புறது எல்லாம் நம்ம வீடுங்கள்ல பெரிய தொகை, ஆனா பட்ஜெட் சொல்லிக் குடுக்கிற யாரும் அதுக்கு ஒரு வரி ஒதுக்கறது இல்ல. ஆவணிலயும் தைலயும் முகூர்த்தம் அதிகம், அந்த ரெண்டு மாசமும் சேத்து மொய் மட்டுமே ஏழெட்டாயிரம் போகும்னு முன்னாடியே தெரிஞ்சா மாசம் அறநூறு எழுநூறு எடுத்து வெச்சிரலாம்ல.

யாரு செலவையும் பாத்து ஏன் இதுக்கு பண்ணீங்கன்னு கேக்கக் கூடாது. கேட்டா அடுத்த மாசம் பொய் எழுதிட்டு வருவாங்க.

படி 4: கடன எல்லாம் ஒரே அளவுல எழுதுறது

இதுதான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமான கூட்டம், ரெண்டு மாசம் ஆனாலும் பரவால்ல, அவசரப்படாதீங்க. நம்மகிட்ட இருக்கிற கடனுங்க வேற வேற கணக்குல இருக்கும். பேங்க்காரங்க வருஷத்துக்கு இவ்ளோ சதவீதம்னு சொல்லுவாங்க, கிரெடிட் கார்டுக்காரங்க மாசத்துக்கு சொல்லுவாங்க, வெளில வாங்கினது மூணு வட்டி, அஞ்சு வட்டின்னு இருக்கும். மூணு வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபா, அப்போ வருஷத்துக்கு 36 சதவீதம். அஞ்சு வட்டி 60 சதவீதம். எல்லாத்தையும் வருஷக் கணக்குக்கு மாத்தி, பெருசுலேர்ந்து சின்னதுக்கு வரிசையா எழுதுங்க. நகைக் கடன் பேங்க்ல பத்து சதவீதம் பக்கம் வரும், அது லிஸ்ட்ல கீழ போயிடும். நம்ம பயந்துகிட்டு இருக்கிறது வீட்டுக் கடனுக்கா இருக்கும், ஆனா உண்மைல நம்மள கரைக்கிறது மேல இருக்கிற ரெண்டு சின்னக் கடன்தான்னு அந்தப் பேப்பரப் பாத்தா தெரியும்.

கிரெடிட் கார்டுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், இத கூட்டத்துல சத்தமா போடுங்க. பாக்கி 40,000. மினிமம் ட்யூ, அதாவது அந்த மாசம் குறைஞ்சபட்சம் கட்டியே ஆக வேண்டியது, அஞ்சு சதவீதம்னா 2,000 கட்டுறீங்க. மாச வட்டி மூணரை சதவீதம்னு வெச்சா 1,400, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 252, மொத்தம் 1,652 வட்டிக்கே போச்சு. அசல்ல குறைஞ்சது 348 ரூபா. ரெண்டாயிரம் கட்டிட்டோம்னு நிம்மதியா இருக்கிறவங்க இந்த 348ஐ பாத்தா அடுத்த மாசம் எங்கேர்ந்தாவது கூட ஆயிரம் புரட்டிக் கட்டிடுவாங்க.

மேல இருக்கிற கடனுக்கு கைல மிச்சம் இருக்கிறது எல்லாம், மத்ததுக்கு கட்ட வேண்டியது மட்டும், இப்படித்தான் அடைக்கணும். சும்மா பீரோல இருக்கிற நகைய பேங்க்ல வெச்சு அஞ்சு வட்டிக் கடன முடிக்கிறது நல்ல முடிவுதான், கவுரவம் பாக்க வேணாம், ஆனா அப்படி முடிச்சவரு அடுத்த நாளே நகைக் கடனுக்கு மாசத் தவணை போட்டு கட்ட ஆரம்பிக்கணும், வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டி மாத்தி வெச்சா நகை திரும்பாது.

யாராவது கந்து வட்டில மாட்டியிருந்தா, மிரட்டல் இருந்தா, அது குரூப்பு தாங்குற விஷயம் இல்ல. தமிழ்நாட்டுல 2003ல வந்த கந்துவட்டி தடைச் சட்டம் இருக்கு, போலீஸ்ல புகார் குடுக்கலாம், தனியா போக பயமா இருந்தா கூட ரெண்டு பேரு போங்க.

மாசா மாசம் நோட்டுல அந்தக் கடன் தொகைய மட்டும் எழுதி கீழ இறங்குறத பாருங்க. 40,000, 37,200, 33,900ன்னு ஒருத்தரு படிக்கும்போது மத்தவங்க கை தட்டுறாங்க பாருங்க, வீட்லகூட கிடைக்காத தெம்பு அது.

படி 5: சீட்டு பேச்சு கண்டிப்பா வரும்

நம்ம ஊர்ல சேமிப்புன்னா பாதி பேருக்கு சீட்டுதான், அதனால அத ஒதுக்காம கணக்கோட பேசுங்க. 20 பேரு, மாசம் 5,000, ஒரு லட்ச ரூபா ஏலச்சீட்டு. ஒருத்தரு 25,000 தள்ளி எடுக்கிறாரு, அவரு கைக்கு 75,000 வரும். அந்த 25,000ல நடத்துறவங்க கமிஷன் 5,000 போக மீதி 20,000 இருவது பேருக்கும் ஆளுக்கு 1,000 பிரியும், அந்த மாசம் 4,000 கட்டினா போதும். கடைசில எடுக்கிறவருக்கு இது சேமிப்பு, ஆரம்பத்துல தள்ளி எடுக்கிறவருக்கு இது கடன். நீங்க எந்த ஆளுன்னு தெரிஞ்சுக்கிட்டு சேருங்க.

1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பண்ண சீட்டான்னு பாருங்க, பதிவுத் துறைல விசாரிக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா நடத்துற தீபாவளிச் சீட்டுல நல்லவங்களும் இருக்காங்க, ஆனா ஏதாவது ஆச்சுன்னா கைல ஒரு சின்ன அட்டைய தவிர வேற ஒண்ணும் இருக்காது, அதனால போனா போகட்டும்னு விட முடியுற தொகைக்கு மேல அங்க போடாதீங்க.

படி 6: அவசரப் பணமும் காப்பீடும்

மூணு மாசச் செலவு தனி அக்கவுண்ட்ல இருக்கணும், ஏடிஎம் கார்டு இல்லாத அக்கவுண்ட்டா இருந்தா இன்னும் நல்லது. ஆறு மாசம்னு எல்லாரும் சொல்லுவாங்க, முதல்ல மூணுக்கு போவோம். சொந்தத் தொழில் பண்றவங்க மட்டும் ஆறு வெச்சே ஆகணும்.

காப்பீட்டுல குழப்பிக்க வேணாம். குடும்பம் உங்க வருமானத்த நம்பி இருந்தா டேர்ம் இன்சூரன்ஸ் (பாலிசி காலத்துக்குள்ள இறந்தா மட்டும் குடும்பத்துக்கு பணம் வரும்), வருஷ வருமானத்துல பத்து மடங்காவது. பணம் திரும்பி வரும்னு சொல்ற பாலிசில கவர் (குடும்பத்துக்கு கிடைக்கிற தொகை) குறைவாவும் பிரீமியம் (நம்ம கட்டுறது) அதிகமாவும் இருக்கும், பாலிசி பேப்பர கொண்டு வந்து கூட்டத்துல வெச்சு அந்த ரெண்டு எண்ணையும் சேர்ந்து தேடிப் பாருங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. டேர்ம் எடுக்க வசதி இல்லாதவங்க பேங்க்லயே மத்திய அரசு திட்டத்துல வருஷம் 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடான ஜீவன் ஜோதியும் 20 ரூபாய்க்கு விபத்துக்கான சுரக்ஷாவும் போடலாம், ரெண்டுலயும் ரெண்டு லட்சம் வரை கவர். வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கார்டு இருக்கான்னு மறக்காம கேளுங்க, வேலைக்கு வர்ற அக்காவுக்கும் கேட்டு சொல்லுங்க.

படி 7: யாராவது நல்ல ஸ்கீம்னு கொண்டு வந்தா

வருவாங்க. டெலிகிராம்ல டிரேடிங் குரூப்பு, மாசம் பத்து சதவீதம், ஆளு சேத்தா கமிஷன். தொண்ணூறுகள்ல தமிழ்நாட்டுல வரிசையா பைனான்ஸ் கம்பெனிங்க பணத்த ஏமாத்தினதாலதான் 1997ல முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே வந்துச்சு, 2012ல பெருந்துறை பக்கம் ஈமு கோழி வளத்தா மாசா மாசம் பணம்னு சொன்ன திட்டத்துல எவ்வளவு குடும்பம் நிலத்த வித்து போட்டுட்டு நின்னாங்க. ஏமாந்தவங்கள்ல டீச்சரும் இருந்தாங்க, பேங்க்ல வேல பாத்தவங்களும் இருந்தாங்க. அவங்கவங்க வீட்டுக்குள்ளயே ரகசியமா முடிவு எடுத்தாங்க, கேக்கிறதுக்கு வெளியாள் ஒருத்தரு பக்கத்துல இல்ல.

அதனால குரூப்புல ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க: புதுசா எதுல பணம் போடுறதா இருந்தாலும் போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் குரூப்புல சொல்லணும். யாரும் வேணாம்னு தடுக்க மாட்டாங்க, மூணு கேள்வி மட்டும் கேப்பாங்க. செபிலயோ (ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற அமைப்பு) ரிசர்வ் வங்கிலயோ பதிவு இருக்கா? பணம் கம்பெனி பேருக்கு போகுதா இல்ல யாரோ ஒருத்தரோட யூபிஐக்கு போகுதா? நாளைக்கே வெளிய எடுக்கணும்னா எடுக்க முடியுமா? ஆன்லைன்ல ஏமாந்து பணம் போயிருச்சுன்னா அந்த நிமிஷமே சைபர் க்ரைம் உதவி எண் 1930க்கு போன் அடிங்க, வெக்கப்பட்டு ரெண்டு நாள் உக்காந்தா பணம் பத்து அக்கவுண்ட் தாண்டிப் போயிரும்.

படி 8: அப்புறம் சேமிப்பு, அப்புறம் ஃபைல்

கடன் இறங்கி அவசரப் பணம் சேந்தப்புறம் முதலீடு பேசலாம். போஸ்ட் ஆபீஸ்லயும் பேங்க்லயும் இருக்கிற அரசு சேமிப்புத் திட்டம் பிபிஎஃப், வருஷம் 500லேர்ந்து ஒன்றரை லட்சம் வரை, 15 வருஷம். பத்து வயசுக்குள்ள பொண்ணு இருந்தா அவ பேர்ல செல்வமகள் சேமிப்புத் திட்டம். பேங்க் டெபாசிட்ல ஒரு பேங்க்குக்கு அஞ்சு லட்சம் வரைதான் இன்சூரன்ஸ், அதுக்கு மேல இருந்தா பிரிச்சு வைங்க. ஷேரும் ஃபண்டும் ரெண்டாவது வருஷத்துல எடுத்தா போதும்ங்கிறது என் கருத்து.

ஒரு கூட்டத்த முழுசா ஃபைலுக்கு ஒதுக்குங்க. பேங்க் அக்கவுண்ட், பிஎஃப், பாலிசி, லாக்கர், குடுத்த கடன், வாங்கின கடன் எல்லாம் ஒரே பேப்பர்ல, அது எங்க இருக்குன்னு வீட்ல இன்னொருத்தருக்கு தெரியணும். நாமினி பேரு எல்லாத்துலயும் பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட பிஎஃப்ல இன்னும் பழைய பேரே இருக்கலாம், கல்யாணம் ஆனதும் அது செல்லாது, புதுசா போடணும். பேங்க் டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் 1லேர்ந்து நாலு பேரு வரைக்கும் நாமினி போடலாம்.

ஜனவரில சிபில் ரிப்போர்ட்ட (நம்ம பேர்ல இருக்கிற கடன் எல்லாம் அடங்கின அறிக்கை) எல்லாரும் எடுத்துட்டு வாங்க, வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் ஃப்ரீ, நம்ம வாங்காத கடன் ஏதாவது நம்ம பேர்ல இருக்கான்னு அதுல தெரிஞ்சிரும். மார்ச் கூட்டத்த மட்டும் மாச ஆரம்பத்துலயே வெச்சிருங்க, அப்பதான் அந்த வருஷத்துக்கு பிபிஎஃப்ல போடாம விட்டவங்க 31ஆம் தேதிக்குள்ள போட முடியும். அடுத்த வருஷப் பணத்த ஏப்ரல் 5க்குள்ள போட்டுட்டா அந்த மாச வட்டியும் சேந்து கிடைக்கும்.