நின்றுபோன மெர்சிடஸ் 560 எஸ்இசி-யை ஓட வைக்க: சாவியைக் கடைசியில்தான் திருப்ப வேண்டும்

கொட்டகைக் கதவைத் திறக்கிறீர்கள். தூசிக்கு அடியில் அந்த நீளமான மூக்கு, நடுவில் தூணே இல்லாமல் முன்னும் பின்னும் ஒரே வீச்சாக ஓடுகிற கண்ணாடி. பார்த்தவுடன் எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான், ஒரு புது பேட்டரியைப் போட்டு ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம் என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் பத்திரமாக நின்ற எஞ்சினை அந்த ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட முடியும். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இந்த வண்டிகளோடுதான் என் சனி ஞாயிறுகள் போகின்றன, அதனால் சொல்கிறேன்.

மெர்சிடஸ் சி126 என்ற இந்த இரண்டு கதவுக் கூபே 1981-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 380 எஸ்இசி, 500 எஸ்இசி என்ற இரண்டு பெயர்களில் வந்தது. மெர்சிடஸின் வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ தலைமையில் வரைந்த உடம்பு. 1985-இல் 5.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் வைத்த 560 எஸ்இசி சேர்ந்தது, 1991-இல் எல்லாம் நின்றது. மொத்தம் 74,060 வண்டிகள், அதில் 560 மட்டும் 28,929. அவ்வளவு அரிதான வண்டி இல்லை, ஆனால் துரு பிடிக்காத வண்டி அரிது. அதனால்தான் எஞ்சினுக்கு முன்னால் தகட்டைப் பார்க்கச் சொல்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங் எதுவானாலும் கழற்றிச் சரிசெய்யலாம், உதிரிபாகமும் பெரும்பாலும் கிடைக்கிறது. அடித்தகடு போயிருந்தால் வெல்டிங் கூலியே வண்டி விலையைத் தாண்டிவிடும்.

முதலில் பின் கண்ணாடியின் கீழ் ஓரம். இந்தக் கூபேயின் தீராத வியாதி அங்கேதான் இருக்கிறது. ரப்பர் காய்ந்து தண்ணீர் உள்ளே போகும், கண்ணாடிச் சட்டம் மறைவில் அரிக்கும், அங்கிருந்து டிக்கிக்குள் இறங்கும். பெயிண்ட் ஒரு மிளகு அளவு உப்பியிருந்தாலும் அடியில் விரல் நீளத்துக்கு ஓட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிக்கி கம்பளத்தைத் தூக்கி, இரண்டு ஓரக் குழிகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் ஜாக்கி வைக்கிற இடங்கள். 1985-க்குப் பிறகு வந்த வண்டிகளில் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பலகை கீழே வரை மூடியிருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் வண்டி பளபளவென்றுதான் இருக்கும். பலகையைக் கழற்றாமல் வாங்கவே வாங்காதீர்கள், விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அதுவே பதில். பேட்டரி உட்காருகிற தட்டு, முன் மட்கார்டின் பின்முனை, சன்ரூஃப் தண்ணீர் வடிகிற குழாய்கள், இதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காலடிக் கம்பளத்தை மட்டும் மறக்காமல் தூக்குங்கள். அடியில் உள்ள தடித்த பஞ்சு வருஷக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும்.

தகடு தேறிவிட்டதா? சரி, இப்போது எஞ்சின். எம்117 என்ற இந்த வி8-இன் பிளாக் அலுமினியம், சிலிண்டருக்குள் இரும்பு உறை கிடையாது, அந்தச் சுவரில் கீறல் விழுந்தால் சரிசெய்வது பெரிய வேலை. எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, துரு இளக்குகிற எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவைத்து, மெதுவாக. இறுகிய பிளக்கை வேகமாக முறுக்கினால் அலுமினியத் தலையின் மரையும் சேர்ந்து வந்துவிடும். பிளக் துளை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள்.

அந்த நாட்களில் வால்வு மூடிகள் இரண்டையும் திறங்கள். எண்ணெய் மாற்றினால் போதும் என்று பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அது மனசு ஒப்பவில்லை. வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் தண்டுக்கு மேலே நீளமாக ஒரு மெல்லிய இரும்புக் குழாய் ஓடும், அந்தத் தண்டின் மேடுகளான கேம்களுக்கு எண்ணெய் தருவது அதுதான். அந்தக் குழாயைப் பிடித்திருக்கிற சின்னச் சின்ன இணைப்புகள் பிளாஸ்டிக். நான் முதன்முதலில் திறந்த வண்டியில் ஒன்றை விரலால் லேசாக நகர்த்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கி எண்ணெய்க்குள் விழுந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது கழன்றிருந்தால் கேம் காய்ந்து தேய்ந்திருக்கும், நாம் டிக் டிக் சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டிருப்போம். எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. அதே திறப்பில் கேம்ஷாஃப்டைச் சுழற்றுகிற டைமிங் செயினையும் அதை அணைத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் தண்டவாளங்களையும் பாருங்கள். வெளிறிய நிறத்தில் இருந்தால் நல்லது. கரும்பழுப்பாக மாறியிருந்தால் அது உடையக் காத்திருக்கிறது. உடைந்த துண்டு செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கினால் செயின் தாவும், வால்வு பிஸ்டனில் மோதும், எஞ்சின் கதை முடிந்தது. ஓடிய தூரம் 1,50,000 கிலோமீட்டரைத் தாண்டி, செயின் மாற்றியதற்கு ரசீதும் இல்லையென்றால் செயின், தண்டவாளம், செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதுதான் என் வழக்கம்.

கேம்களின் மேல் கையாலேயே எண்ணெய் ஊற்றுங்கள். அதன் பிறகு எஞ்சினின் முன்னால் கிராங்க் தண்டின் முனையில் உள்ள போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் போட்டு, எஞ்சின் சுற்றுகிற திசையில் மட்டும், கை பலத்தில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் ஒருபோதும் வேண்டாம், செயின் தளர்ந்து தாவ வாய்ப்பு உண்டு. இரண்டு முழுச் சுற்று தடங்கலில்லாமல் வந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். எங்காவது நின்றால் அடித்துத் தள்ளாதீர்கள், இன்னும் எண்ணெய், இன்னும் இரண்டு நாள்.

அடுத்து பெட்ரோல். இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பின்சீட்டுக்குப் பின்னால் 90 லிட்டர் டேங்க். உள்ளே இருப்பதை முகர்ந்தாலே தெரியும், பெட்ரோல் வாடை போய் வார்னிஷ் வாடை அடிக்கும். அந்தக் குழம்பு 560-இல் உள்ள கேஇ-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் செலுத்தும் அமைப்பில், சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுத் தருகிற பெட்ரோல் பிரிப்பானுக்குள் போய்விட்டால் அவ்வளவுதான். அதற்குள்ளே நூலிழை மாதிரி பிளவுகளும் மெல்லிய உலோகச் சவ்வும் மேலும் கீழும் வழுக்குகிற ஒரு தண்டும் இருக்கின்றன, அந்தத் தண்டு பிசின் பிடித்து நின்றால் வீட்டில் சரிசெய்ய முடியாது, பழுதுபார்த்து வாங்க நல்ல செலவு ஆகும். பேட்டரி போட்டு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்ற ஆசை ஏன் ஆபத்து என்றால் இதனால்தான். சாவி திரும்பிய அந்த நொடியே பம்ப் டேங்கின் அழுக்கை முன்னே தள்ள ஆரம்பித்துவிடும்.

டேங்கைக் காலி செய்யுங்கள், அடியில் உள்ள வடிகட்டித் திருகைக் கழற்றுங்கள் (46 மி.மீ. சாக்கெட் வேண்டும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள்), உள்ளே துரு இருந்தால் டேங்கை இறக்கிக் கழுவக் கொடுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் வண்டிக்கு அடியில் இரண்டு பம்ப், ஃபில்டர், அழுத்தம் தேக்குகிற குடுவை எல்லாம் ஒரே கூட்டமாக இருக்கும். ஃபில்டரையும் ரப்பர் குழாய்கள் அத்தனையையும் மாற்றுங்கள். இப்போது பிரிப்பானுக்குப் போகிற குழாயை முன்னாலேயே கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, பம்ப் ரிலேயைக் கழற்றிய இடத்தில் 30, 87 என்ற இரண்டு முனைகளையும் இணைத்தால் சாவி இல்லாமலே பம்ப் ஓடும். தெளிந்த பெட்ரோல் வருகிறவரை கேனில் விட்டு, அதன் பிறகு மட்டும் குழாயை இணையுங்கள். பிரிப்பானிலிருந்து டேங்குக்குத் திரும்புகிற குழாயிலும் ஒரு தடவை அளந்துவிடுங்கள், 40 நொடியில் 1 லிட்டராவது வர வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், கொட்டகைக் கதவு திறந்திருக்கட்டும், தனியாகச் செய்யாதீர்கள்.

ரேடியேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பிளாஸ்டிக் கழுத்து, மேல் ஹோஸ் சொருகுகிற இடம், வயசானால் ஒடியும். அதைவிட மோசம், தானியங்கி கியர்பாக்ஸின் எண்ணெய் அதே ரேடியேட்டருக்குள் உள்ள ஒரு சிறு குளிர்விப்பானில் ஓடுவது. அது உள்ளே அரித்துக் கூலண்டும் எண்ணெயும் கலந்தால் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள் கெட்டுவிடும். கியர் எண்ணெய் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால் எதையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். எனக்கு இருபது வருஷத்துக்கு மேலான பழைய ரேடியேட்டர் மேல் நம்பிக்கை கிடையாது, புதிதுதான் போடுவேன். தெர்மோஸ்டாட், ஹோஸ், பெல்ட் கூடவே மாறட்டும்.

பிரேக் விஷயத்தில் சமரசமே இல்லை. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி ஒரு வழிக் கதவு மாதிரி ஆகிவிடும், பிடித்த பிரேக் விடாது. நான்கு சக்கர ஹோஸும் மாற்றி, டாட் 4 பிரேக் திரவத்தைப் புதிதாக ஊற்றி, காலிபர் பிஸ்டன் கையால் தள்ளினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். பின் அச்சுக்கு மேலே ஓடுகிற இரும்பு பிரேக் குழாயும் அரித்திருக்கும், அங்கே கண் எட்டாது, கண்ணாடி வைத்துப் பாருங்கள். பின் சக்கரம் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக்தான். அது டிஸ்க்குக்குள்ளே தனியாக ஒரு சின்ன டிரம்மாக இருக்கிறது. சக்கர போல்ட் துளை வழியாக ஸ்க்ரூடிரைவர் விட்டுப் பல்சக்கரத்தைத் தளர்த்தினால் டிஸ்க் கழன்று வரும், சுத்தியலைத் தூக்க வேண்டியதில்லை. டயர் பளபளவென்று இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள தயாரிப்பு எண்ணைப் படியுங்கள், கடைசி இரண்டு இலக்கம் தயாரித்த வருஷம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், அதில் உட்கார்ந்து தெருவுக்கே போகக் கூடாது.

வயரிங்கில் இரண்டே காரியம், இரண்டும் மலிவு. ஃபியூஸ் பெட்டியில் இருக்கிற பழைய தோட்டா வடிவ ஃபியூஸ்களை எல்லாம் எடுத்துவிட்டு, செம்புப் பட்டை உள்ளதைப் போடுங்கள். அலுமினியப் பட்டை பூத்துப்போய் மின்சாரம் சரியாகப் போகாது, எஞ்சினில் கோளாறு என்று தேடி நாள் போகும். அடுத்து, தலையில் சிவப்பு மூடி வைத்த வெள்ளி நிற ரிலே ஒன்று இருக்கும், அதிக மின்னழுத்தத்திலிருந்து காக்கிற ரிலே. ஏபிஎஸ் விளக்கு எரிந்து, ஐடில் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடுகிற வேகம்) மேலும் கீழும் ஆடினால் முதலில் அதன் ஃபியூஸையும் உள்ளே சால்டர் விரிசலையும் பாருங்கள்.

இப்போதுதான் சாவி. புது எண்ணெய், புது ஃபில்டர் (எஞ்சினுக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும்). ஸ்பார்க் பிளக் இன்னும் போடவில்லை, பம்ப் ரிலேயும் பற்றவைப்பும் துண்டித்தபடியே இருக்கிறது. ஸ்டார்ட்டரை ஐந்து ஐந்து நொடியாகச் சுற்றுங்கள், இடையில் ஓய்வு கொடுங்கள், டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்த முள் எழும்புகிறவரை. முள் எழும்பிய பிறகு கம்ப்ரஷனை (ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அழுத்தத்தை) அளந்து எழுதி வையுங்கள். எட்டு சிலிண்டருக்கும் நடுவில் 1.5 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, ஆனால் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் ஒட்டியிருக்கும், அதனால் முதல் அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பாருங்கள். அப்புறம் பிளக், பெட்ரோல், பற்றவைப்பு. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். புகை வரும், கொஞ்ச நேரம் எஞ்சின் உதறும், அது ஊற்றிய எண்ணெய் எரிவது. சூடானபின் ஐடிலில் முள் இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம், 0.3 பார் வரை இறங்கலாம், ஆனால் லேசாக முடுக்கியவுடன் 3-இல் போய் முட்ட வேண்டும்.

நான் செய்த வண்டியில் இந்த இடத்துக்கு வர ஏழு மாசம் ஆனது. அன்றைக்குக் கொட்டகையை விட்டு வெளியே வந்தது வெறும் முப்பது மீட்டர்தான்.

தெருவுக்குப் போக, ஜெர்மனியில் வண்டி 30 வருஷம் தாண்டி, அசல் நிலையில் நன்றாகவும் இருந்தால் ஆய்வாளரின் சான்றோடு நம்பர் பிளேட்டில் எண்ணுக்குப் பின்னால், பழமையான வண்டி என்று காட்டுகிற எச் எழுத்து கிடைக்கும். வருஷ வரி 191 யூரோ, புகை அதிகமான வண்டிகளை விடாத நகரத்துச் சூழல் மண்டலங்களுக்குள்ளும் போகலாம். அசல் பெயிண்ட், அசல் சக்கரம் என்று காட்ட வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்று சொல்கிற தரவு அட்டையை மெர்சிடஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேசிஸ் எண்ணில் 126045 இருந்தால் அது உண்மையான 560. 500 எஸ்இசி-யின் டிக்கியில் 560 எழுத்து ஒட்டி விற்கிறவர்கள் உண்டு.

முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயையும் பெட்ரோல் ஃபில்டரையும் இன்னொரு தடவை மாற்றுங்கள், உள்ளே ஊறியிருந்த அழுக்கு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற கார்டன் தண்டின் ரப்பர் தட்டுகள் இரண்டிலும் விரிசல் இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். பின்பக்கம் கட்டை வண்டி மாதிரி குதித்தால் பின் சஸ்பென்ஷனின் வாயுக் குடுவைகள் செத்திருக்கும். இவை எல்லாம் முடிந்து, கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பும்போது பின்னால் இருந்து ஒரு கை மெல்ல நீண்டு சீட் பெல்ட்டைத் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டும். நீளாமல் உள்ளே கிர்ர் என்று சத்தம் மட்டும் கேட்டால் அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது, வண்டிக்கு உள்ளே பின்சீட்டுப் பக்கத்துப் பலகையைக் கழற்றினால் கைக்கு எட்டும்.