பிரிட்டனில் மூத்த மருத்துவர்களும் நர்ஸ்களும் ஆராய்ச்சிக்குத் திரும்ப நிதி கேட்பது எப்படி

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.சில் பதினைந்து வருடம் நோயாளிகளை மட்டுமே பார்த்துவிட்டு மறுபடி ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் கன்சல்டன்டுக்கோ (மூத்த சிறப்பு மருத்துவர்), மூத்த நர்ஸுக்கோ, பிசியோதெரபிஸ்டுக்கோ பெரிய தட்டுப்பாடு, ஆராய்ச்சிக்கென்று வாரத்தில் ஒதுக்கும் நாள்தான். கருவி, ஆய்வக வசதியெல்லாம் பிறகு. அதனால் விண்ணப்பத்தின் மையமும் உங்கள் சம்பளத்தில் ஒரு பங்காகத்தான் இருக்க வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அரசின் சுகாதார ஆராய்ச்சி நிதி அமைப்பான என்.ஐ.எச்.ஆர். நடத்தும் சீனியர் கிளினிக்கல் அண்ட் பிராக்டிஷனர் ரிசர்ச் அவார்டு, ஏற்கெனவே ஆராய்ச்சி அனுபவம் உள்ள மூத்தவர்களை மனதில் வைத்தது. டாஃப்னி ஜாக்சன் டிரஸ்டின் ஃபெல்லோஷிப் வேறு வகை. குடும்பம், பராமரிப்பு, உடல்நலம் போன்ற காரணங்களால் குறைந்தது இரண்டு வருடம் ஆராய்ச்சியிலிருந்து விலகியவர்களுக்கானது; பகுதிநேர வேலை, வருடத்துக்கு 100 மணி நேர மறுபயிற்சியும் அதில் உண்டு. கிளினிக் வேலை அதிகமானதால் ஆராய்ச்சியை விட்டவர் இதற்குப் பொருந்த மாட்டார். தகுதி நிபந்தனைகள் சுற்றுக்குச் சுற்று மாறும். போன வருடம் வாங்கிய நண்பரின் பேச்சை நம்பாமல், இந்தச் சுற்றின் வழிகாட்டிக் குறிப்பை வரி வரியாகப் படியுங்கள்.

தகுதிப் பகுதியில் நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் எம்.டி. என்றால் சிறப்பு மருத்துவப் பட்டம், அதில் ஒரு ஆய்வேடு இருக்கும். பிரிட்டனில் எம்.டி. ஆராய்ச்சி முனைவர் பட்டம். படிவத்தில் வெறுமனே எம்.டி. என்று எழுதினால் தேர்வுக் குழு தவறாகப் புரிந்துகொள்ளும், நேர்காணலில் அது சங்கடமாக வந்து நிற்கும். முதுகலைச் சிறப்புப் பட்டம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, வெளியான கட்டுரைகளைத் தனியே காட்டுங்கள்.

விண்ணப்பக் கெடுவுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே நடக்கும் ஏதாவது பெரிய ஆய்வில் உள்ளூர் முதன்மை ஆய்வாளராகவோ துணை ஆய்வாளராகவோ சேருங்கள். மருத்துவமனையின் ஆர் அண்ட் டி (ஆராய்ச்சி, மேம்பாடு) அலுவலகத்தில் கேட்டால் ஆள் தேடும் ஆய்வுகளைச் சொல்வார்கள். ஆடிட் (சிகிச்சைத் தரத் தணிக்கை), சேவை மேம்பாட்டு வேலைகள் எத்தனை செய்திருந்தாலும் அவை ஆராய்ச்சிக் கணக்கில் வராது. நோயாளிகளின் ஒப்புதல் வாங்கி, ஆட்களைச் சேர்த்த அண்மை அனுபவம்தான் இடைவெளியை மூடும்.

நீங்கள் விட்டுப்போன காலத்தில் விதிகளும் மாறிவிட்டன. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். ஆய்வுகளுக்கு எச்.ஆர்.ஏ. (சுகாதார ஆராய்ச்சி ஆணையம்) அனுமதி என்ற ஒற்றை வழி 2016இல் வந்தது. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைக்கான (ஜி.சி.பி.) ஐ.சி.எச். என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டியின் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியானது. மருந்து ஆய்வுகளுக்கான திருத்தப்பட்ட சட்டவிதிகள் 2026 ஏப்ரல் 28 முதல் நடைமுறை. பழைய ஜி.சி.பி. சான்றிதழைக் காட்டினால் எடுபடாது. என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு என்.ஐ.எச்.ஆர். இந்தப் பயிற்சியை இலவசமாகத் தருகிறது, இப்போதே முடித்துவிடுங்கள்.

இனி நாள் கணக்கு. இங்கிலாந்தில் முழுநேர கன்சல்டன்டின் வாரம் 10 பி.ஏ. (வேலை நேரத்தை எண்ணும் அலகு), ஒவ்வொன்றும் 4 மணி நேரம். உங்கள் வேலை நேரத்தில் நாற்பது சதவீதத்தை ஆராய்ச்சிக்குக் கேட்கிறீர்கள் என்றால் 4 பி.ஏ., அதாவது இரண்டு முழு நாள். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் போன்றோருக்கு வாரம் 37.5 மணி, அதில் நாற்பது சதவீதம் 15 மணி. "எஸ்.பி.ஏ. நேரத்தில் (நோயாளிகளைப் பார்க்காத துணைப் பணிகளுக்கான நேரம்) ஆராய்ச்சியைச் செய்துகொள்ளுங்களேன்" என்று மேலாளர் சொன்னால் தலையாட்டாதீர்கள். மறுபதிவு, மதிப்பீடு, கற்பித்தல் எல்லாம் அந்த நேரத்தைத் தின்றுவிட்டிருக்கும்.

சம்பளத்தை மட்டும் போட்டு பட்ஜெட் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. வருடச் சம்பளம் 1,00,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ், 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் 15 சதவீதம்: 14,250. முதலாளியின் பென்ஷன் பங்கு 23.7 சதவீதம்: 23,700. மொத்தம் 1,37,950, அதில் நாற்பது சதவீதம் 55,180 பவுண்டு. வெறும் 40,000 என்று எழுதியிருந்தால் வருடத்துக்கு 15,000க்கு மேல் துண்டு விழும், அதை யார் கட்டுவது என்ற சண்டை உங்கள் துறைக்குள்ளேயே வரும். வருடாந்தர ஊதிய உயர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட மோசமான ஒரு கோளாறு பணம் வந்த பிறகு நடக்கும். உங்கள் சம்பளப் பங்கு மருத்துவமனையின் பொதுக் கணக்கில் கரைந்துவிடும், துறைக்கு மாற்று ஆள் வராது, உங்கள் கிளினிக் பட்டியல் குறையாது. இரண்டு நாளும் காகிதத்தில் மட்டும் இருக்கும். இதைத் தடுக்க, விண்ணப்பத்தோடு இணைக்கும் ஆதரவுக் கடிதத்திலேயே மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: எந்தக் கிழமைகள், எந்தக் கிளினிக் அல்லது அறுவை சிகிச்சைப் பட்டியல் நிறுத்தப்படும், பணம் எந்தத் துறையின் செலவுக் கணக்குக்குப் போகும். துறைத் தலைவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது, நிதிப் பிரிவும் ஒப்ப வேண்டும். உங்கள் இடத்தில் தற்காலிகமாக வரும் லோக்கம் ஆளின் கூலி உங்கள் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கும். அந்த வித்தியாசத்தை மருத்துவமனை ஏற்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆய்வுச் செலவை மூன்று பெட்டியில் போட வேண்டும். ஆராய்ச்சிச் செலவு நீங்கள் கேட்கும் நிதியிலிருந்து. ஆய்வு நடப்பதால் மருத்துவமனைக்கு ஏற்படும் துணைச் செலவு, என்.ஐ.எச்.ஆரின் ரிசர்ச் டெலிவரி நெட்வொர்க் வழியாக. ஆய்வு முடிந்தும் தொடரக்கூடிய சிகிச்சையின் செலவு என்.எச்.எஸ்.சின் வழக்கமான சிகிச்சை நிதியிலிருந்து. சோஈகேட் என்ற படிவம் இதற்குத்தான். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எந்தப் பெட்டி என்று அதில் சொல்ல வேண்டும், அதற்கென்று உள்ள நிபுணர் பார்த்து ஒப்ப வேண்டும். கடைசி வாரத்தில் அனுப்பினால் நடக்காது. ஒரு மாதமாவது கொடுங்கள். நிதி பல்கலைக்கழகம் வழியாகப் போகிறது என்றால் என்.ஐ.எச்.ஆர். அங்கே முழுச் செலவில் 80 சதவீதம்தான் தரும், மருத்துவமனையின் நேரடிச் செலவை முழுதாகத் தரும். எந்த நிறுவனம் நிதியைப் பெறுவது என்பதை இதையும் பார்த்துத் தீர்மானியுங்கள்.

ஆய்வைத் திட்டமிட ஆலோசனை சொல்லும் நோயாளிகளின் பங்கேற்புக்கான தொகையை மறப்பவர்கள் ஏராளம். மணிக்கு 25 பவுண்டு வழக்கமான விகிதம். ஐந்து பேர், ஆறு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணி: 1,500 பவுண்டு, பயணச் செலவு தனி.

ஆய்வுத் திட்டம் சிறியதாக இருக்கட்டும், ஒரே கேள்வி போதும். எத்திக்ஸ் கமிட்டி முடிவு சொல்ல 60 நாள் வரை எடுக்கலாம், அதற்கு முன்னும் பின்னும் ஸ்பான்சர் (ஆய்வுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம்), மருத்துவமனை அனுமதிகள் உண்டு. முதல் ஆறு மாதம் ஒரு நோயாளியும் சேர மாட்டார் என்று கால அட்டவணையிலேயே காட்டுங்கள். முதல் மாதமே ஆள் சேர்ப்பு தொடங்கும் என்று எழுதினால் அனுபவமில்லை என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். புள்ளியியல் நிபுணரை வடிவமைப்புக் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், என்.ஐ.எச்.ஆரின் ரிசர்ச் சப்போர்ட் சர்வீஸ் இந்த ஆலோசனையைத் தரும்.

உங்கள் மேற்பார்வையாளர் வயதில் சிறியவராக இருக்கலாம். அந்தத் துறையில் இப்போது நிதி வாங்கிக்கொண்டிருப்பவரா என்பதுதான் கணக்கு. முன்பு உங்களிடம் பயிற்சி பெற்றவர் என்பதால் அவரைத் தவிர்க்க வேண்டாம்.

நேர்காணலில் "இந்த நிதி முடிந்த பிறகு என்ன?" என்ற கேள்வி வந்தே தீரும். அடுத்து எந்த நிதிக்கு, எந்த வருடம் விண்ணப்பிப்பீர்கள், ஜாப் பிளானில் (வாராந்தர வேலைத் திட்டம்) எத்தனை பி.ஏ. ஆராய்ச்சிக்கென்று நிலைக்கும் என்று பெயரும் எண்ணுமாகச் சொல்லத் தயாராகப் போங்கள்.