சூதாடாமல் கேசினோ கார்டு சேகரிப்பது எப்படி?

லாஸ் வேகஸ் போய் வருகிறவர்கள் சிப் (பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லை), சீட்டுக்கட்டு என்று ஏதாவது வாங்கி வருவார்கள். கேசினோ இலவசமாகவே கொடுக்கும் பிளேயர்ஸ் கிளப் கார்டை மட்டும் ஹோட்டல் அறையிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஏடிஎம் கார்டு அளவு, பின்னால் காந்தப் பட்டை, ஓரத்தில் கயிறு மாட்ட ஒரு துளை. இதைக் காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷினில் செருகி ஆடினால், நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்று கேசினோ கணக்கு வைத்துக்கொண்டு பாயின்ட் தரும். இந்த கார்டுகளைத் தேடிச் சேர்க்க அமெரிக்காவில் ஒரு கூட்டமே இருக்கிறது. அதிகம் செலவில்லாத பொழுதுபோக்குதான், கார்டுக்காக ஆட உட்காராத வரைக்கும்.

1. முதல் கார்டுகளை வாங்குங்கள்

21 வயது முடிந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டோ அமெரிக்க ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்க வேண்டும். பிளேயர்ஸ் கிளப் கவுன்டரில் கொடுத்தால் சில நிமிடங்களில் கார்டு வந்துவிடும். ஆடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மின்னஞ்சல் கேட்பார்கள், இதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், விளம்பரம் கொட்டும்.

புதியவர்கள் நேராக, பெரிய கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலைக்குத்தான் போவார்கள். அங்கே ஹோட்டல்கள் நிறைய, கார்டுகள் குறைவு. பெலாஜியோ, லக்ஸர் இரண்டுக்கும் ஒரே எம்ஜிஎம் ரிவார்ட்ஸ் கார்டு. சீசர்ஸ் பேலஸுக்கும் ஃபிளமிங்கோவுக்கும் ஒரே சீசர்ஸ் ரிவார்ட்ஸ் கார்டு. அதனால் பழைய டவுன்டவுனில் தொடங்குங்கள். 1941இல் திறந்த எல் கோர்டெஸ், கோல்டன் நக்கெட், ஃபோர் குவீன்ஸ், பிளாசா என்று ஃப்ரீமாண்ட் தெருவை ஒட்டி நடந்தே ஒரு மாலையில் வேறு வேறு கார்டுகள் வாங்கிவிடலாம்.

2. உயர்நிலை கார்டுக்கு ஆசைப்படாதீர்கள்

சீசர்ஸில் கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், செவன் ஸ்டார்ஸ் என்று படிகள் உண்டு. டைமண்டுக்கு ஓர் ஆண்டில் 15,000 கிரெடிட் (படி ஏறுவதற்கான புள்ளி) வேண்டும். ஸ்லாட்டில் 5 டாலர் பந்தயத்துக்கு ஒரு கிரெடிட் என்றால், மொத்தம் 75,000 டாலர் பந்தயம் கட்ட வேண்டும். நூற்றுக்கு 8 டாலர் கேசினோவிடம் நின்றுவிடுகிறது என்று வைத்தால்கூட 6,000 டாலர் போய்விடும். காலாவதியான டைமண்ட் கார்டு ஈபேயில் சில டாலருக்கே கிடைக்கும். அப்புறம் எதற்கு?

3. பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் பார்க்க அழகு, அவ்வளவுதான். இந்தப் பொழுதுபோக்கின் ருசியெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான். முன்பக்கம் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரண்டு கார்டுகளில், பின்னால் ஒரு தொலைபேசி எண் மாறியிருக்கும். இணைய முகவரி புதிதாகச் சேர்ந்திருக்கும். அச்சிட்ட நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். சேகரிப்பவர்களுக்கு அவை இரண்டும் தனித்தனிக் கார்டுகள். பெயர் அச்சாகாத கார்டை ‘பிளாங்க்’ என்பார்கள். அதைத் தனி ரகமாக வைப்பார்கள்.

கார்டில் ஆண்டு போட்டிருக்காவிட்டால் பெயரை வைத்துக் காலத்தைக் கணக்கிடலாம். எம் லைஃப் (எம்ஜிஎம் ரிவார்ட்ஸின் பழைய பெயர்) என்றிருந்தால் 2011க்கும் 2022 தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. டோட்டல் ரிவார்ட்ஸ் என்றிருந்தால் 2019க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் சீசர்ஸ் ரிவார்ட்ஸ் ஆனது. ஹோட்டல் பெயரும் துணை செய்யும். இம்பீரியல் பேலஸ் 2012இல் குவாட் ஆகி, 2014இல் லிங்க் ஆனது. ஒரே கட்டடம், மூன்று பெயர்கள்.

4. பத்திரப்படுத்துங்கள்

டிரேடிங் கார்டுக்கு விற்கும் ஒன்பது பை தாள்கள் போதும். பாலிபுரொப்பிலீன் என்று பார்த்து வாங்குங்கள். மலிவான மெல்லிய பிவிசி உறை நாளடைவில் கார்டில் ஒட்டி அச்சைக் கெடுக்கும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள்.

5. மூடிப்போன கேசினோக்களைத் தேடுங்கள்

இனி கவுன்டரில் கிடைக்காதவை இவைதான். வேகஸில் ஸ்டார்டஸ்ட் (2006இல் மூடியது), ரிவியரா (2015), டிராபிகானா, மிராஜ் (இரண்டும் 2024). அமெரிக்காவின் இன்னொரு கேசினோ நகரமான அட்லாண்டிக் சிட்டியில் 2014 ஒரே ஆண்டில் அட்லாண்டிக் கிளப், ஷோபோட், ரெவெல், டிரம்ப் பிளாசா நான்கும் மூடின. ரெவெல் திறந்ததே 2012இல்தான். ஆயுள் இரண்டரை ஆண்டுகூட இல்லை, அதனால் எனக்கு அந்த கார்டு மேல் தனிப் பிரியம். புதியவர்கள் ஊருக்கு ஒன்று என்று வாங்கிக் குவிப்பதைவிட, இப்படி ஓர் ஊரையோ ஒரு நிறுவனத்தையோ பிடித்துக்கொண்டு அதன் எல்லாப் பதிப்புகளையும் தேடுவது நல்லது.

மற்ற சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்ளத் தோதாக, கிளப் கவுன்டரில் இன்னொரு கார்டு கேட்டால் பெரும்பாலும் அடித்துக் கொடுப்பார்கள். ஆனால் நடப்பில் இருக்கும் கார்டில் உங்கள் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கின்றன. இணையத்தில் படம் போடும்போது இரண்டையும் மறையுங்கள். கணக்கின் ரகசிய எண்ணை (PIN) யாரிடமும் சொல்லாதீர்கள். கணக்கை மூடிய பிறகே அந்த கார்டைக் கைமாற்றுங்கள். அதேபோல அடுத்தவர் பெயரிலுள்ள கார்டு உங்களிடம் வந்தால் ஆல்பத்தோடு சரி, மெஷினில் செருகிப் பார்க்க வேண்டாம்.