தெரியாமல் குளூட்டன் சாப்பிட்டுவிட்டால் வீட்டில் என்ன செய்யலாம்?

குளூட்டன் என்பது கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதம். உள்ளே போன குளூட்டனை முறிக்க எந்தக் கஷாயமும் கிடையாது. செரிக்க வைக்கும் என்று விற்கிற என்சைம் மாத்திரையை, சீலியாக் (குளூட்டன் பட்டால் சிறுகுடல் கெடும் நோய்) உள்ளவர்கள் நம்பி இருக்க வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுப்பதும் வேண்டாம், தொண்டைதான் புண்ணாகும். நாம் செய்யக்கூடியது, அது அடங்கும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான்.

ஆனால் உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது கோதுமை அலர்ஜியாக இருக்கலாம். படிப்பதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்படி இல்லை, வயிற்றுப்போக்கும் உப்புசமும்தான் என்றால் முதல் கவலை நீர்ச்சத்து. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையா, கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைக் குவியலாக எடுக்காமல் கத்தியின் முதுகால் வழித்துத் தட்டையாக்கி அளக்க வேண்டும், இதில் மட்டும் கண்ணளவு உதவாது, உப்பு கூடினால் ஆபத்து. கலக்கியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். வாந்தி இருந்தால் மடக்மடக்கென்று குடிக்காமல், நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் போதும்.

குமட்டலுக்கு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் கொஞ்சம் கேட்கும். புதினா டீ வயிற்றுப் பிடிப்புக்கு இதம், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் ஆகாது. வயிற்றின் மேல் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு படுத்துவிடுங்கள். பசித்தால் குழைந்த சோறு, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு. பாலை ஒரு சில நாள் தள்ளி வைப்பது நல்லது, ஏனென்றால் பால் சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் சிறுகுடல் சுவரின் நுனியில்தான் சுரக்கிறது, குளூட்டன் முதலில் கெடுப்பதும் அந்த இடத்தைத்தான்.

இன்னொன்று, வயிற்றுக்கு நல்லது என்று யாராவது பார்லித் தண்ணீர் நீட்டுவார்கள். பார்லியிலும் குளூட்டன் உண்டு! நானே ஒருமுறை பாதி டம்ளர் குடித்த பிறகுதான் உறைத்தது.

பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் அடங்கிவிடும், அசதியும் மந்தமும் மட்டும் கொஞ்சம் இழுக்கும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காமல் போவது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள். எழுந்து உட்கார முடிந்ததும், சாப்பிட்டதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வையுங்கள், தொட்டுக்கொண்ட சோயா சாஸ் உட்பட.