வெளிர் துணிகளில் குயில்ட் தைக்கிறவர்களுக்கு

துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் குயில்ட் விரிப்பில் கருநீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்தால் வடிவம் தானாக எழுந்து நிற்கும். தையல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் யார் கண்ணிலும் படாது. கிரீம், வெளிர்சாம்பல், மங்கிய இளஞ்சிவப்பு, வெள்ளையில் பொடிப்புள்ளி என்று எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. இருந்தும் நான் திரும்பத் திரும்ப இந்தத் துணிகளைத்தான் எடுக்கிறேன். தைத்து முடித்துக் கட்டிலில் விரித்தால், அறையில் எதனோடும் சண்டை போடாது. பக்கத்தில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டும்.

வெட்டுவதற்கு முன்னால் துணிகளைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாகப் பரப்புங்கள். மஞ்சள் விளக்கின் கீழே கிரீமும் வெள்ளையும் ஒன்று போலத் தெரியும், நம்பாதீர்கள். மிக வெளிர், நடுத்தரம், கொஞ்சம் கருமை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். அப்புறம் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். நிறத்தை எடுத்துவிட்டால் எது எவ்வளவு கருமை என்பது மட்டும் மிஞ்சும். கண்ணுக்கு வேறுவேறாகத் தெரிந்த இளம்பச்சையும் இளநீலமும் படத்தில் ஒரே சாம்பலாக இருக்கும். அந்த இரண்டையும் வைத்து ஒரு நட்சத்திரம் தைத்தால் நாலு அடி தள்ளி நிற்கிறவருக்கு நட்சத்திரமே தெரியாது. தெரியவேண்டும் என்றால் ஒரு படி கருமை வித்தியாசம் வேண்டும். மங்கிக் கரைந்து போவதுதான் உங்கள் விருப்பம் என்றால் அதுவும் சரி. ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

கருமை வித்தியாசம் இல்லாத இடத்தில் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, வெள்ளையின் சூடும் குளிர்ச்சியும். சில வெள்ளைகளில் நீலம் ஓடும், சிலவற்றில் மஞ்சள். நீல வெள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு கிரீம் துண்டு வைத்தால் அது அழுக்குப் பட்ட மாதிரி இருக்கும். அதே கிரீமை விரிப்பு முழுக்க அங்கங்கே தூவினால் வேண்டுமென்றே செய்தது என்று கண் ஏற்றுக்கொள்ளும். அதனால் கிரீம் சேர்ப்பதாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, அச்சின் அளவு. வெள்ளையில் நெருக்கமான கறுப்புப் புள்ளிகள் கையில் பிடிக்கும்போது வெள்ளைத் துணிதான். பத்தடி தள்ளிப் பார்த்தால் சாம்பல் துணி. பெரிய பூ போட்ட துணி வேறு விதமாக ஏமாற்றும்: வெட்டும்போது ஒரு துண்டில் முழுப் பூவும், அடுத்த துண்டில் வெறும் வெள்ளையும் வந்து விழும். அட்டையில் மூன்று அங்குலச் சதுரத்துக்கு ஓட்டை போட்டு, துணியின் மேல் நகர்த்திப் பாருங்கள். உங்கள் துண்டுகள் எப்படி வரும் என்பது வெட்டாமலேயே தெரிந்துவிடும்.

பாதி தைத்ததும், 'ரொம்பச் சோகையாக இருக்கிறதே' என்று ஒரு சந்தேகம் வரும். நடுவில் அரக்குச் சிவப்பாக ஒரு துண்டு வைத்தால் சரியாகிவிடும் என்று கை பரபரக்கும். வைக்காதீர்கள். அந்த ஒரு துண்டு எல்லாப் பார்வையையும் இழுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் வெறும் பின்னணியாகிவிடும். உயிர் போதவில்லை என்றால் உங்களிடம் உள்ள நடுத்தரக் குவியலிலிருந்து இன்னும் சில துண்டுகளைச் சேருங்கள், போதும்.

வடிவம் எளிமையாக இருக்கட்டும். பொடிப்பொடித் துண்டுகளாக நறுக்கிச் சேர்க்கும் பிளாக்குகள் (விரிப்பின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பிளாக்) இந்த நிறங்களில் உழைப்புக்கு ஏற்ற பலன் தராது. நாலு, ஐந்து அங்குலச் சதுரங்களும் நீளப் பட்டைகளும் நன்றாக வரும்.

மென்மையான துணி என்றால் லான் என்ற மெல்லிய பருத்தி, மல்மல், இரண்டு மெல்லிய அடுக்காக நெய்த டபுள் காஸ், துவைத்துத் துவைத்துப் பழகிய சட்டைத்துணி எல்லாம் சேர்த்திதான். இவை கத்தரிக்கு அடியில் நெளியும். வெட்டுவதற்கு முன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொள்ளுங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து அழுத்தி எடுங்கள். பட்டைகளைக் கரைக்கு இணையாக, பாவு ஓடும் திசையில் வெட்டினால் குறைவாக இழுபடும். லானுக்கு 70 எண் ஊசி, சாதாரணக் குயில்ட் பருத்திக்கு 80. தையல் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். டபுள் காஸ் பிசிறு விடும் துணி, அதற்குத் தையலுக்கு வெளியே விடும் ஓரம் வழக்கமான கால் அங்குலம் போதாது, அரை அங்குலம் விடுங்கள்.

முக்கோணம் வேண்டுமென்றால் தனித்தனியாக வெட்டாதீர்கள். கிராஸாக வெட்டிய ஓரம் மென்துணியில் ரப்பர் மாதிரி நீளும். இரண்டு 5 அங்குலச் சதுரங்களை நல்லபக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்து, பிறகு கோட்டின் மேல் வெட்டுங்கள். விரித்து நாலரை அங்குலத்துக்கு ஒழுங்குபடுத்தினால், தைத்துச் சேர்த்தபின் சரியாக நாலு அங்குலம் நிற்கும்.

வெளிர் துணி எதையும் மறைக்காது. உள்ளே மடிந்திருக்கும் கொஞ்சம் கருமையான துணியின் ஓரம், வெட்டாமல் விட்ட ஒரு நூல், எல்லாமே மேலே கோடாகத் தெரியும். வழக்கம்போலத் தையலைக் கருமையான பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். முடியாத இடத்தில், கருமையான துணியின் விளிம்பை வெளிர் விளிம்பைவிட ஒரு மில்லிமீட்டர் குறைத்து நறுக்குங்கள். மேலே நிழல் தெரியாது. துண்டுகளை இணைக்க நான் எப்போதும் போடுவது வெளிர்சாம்பல் நூல். தும்பைப்பூ வெள்ளை நூல் கிரீம் துணியில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்கிலும் இதே கவனம் வேண்டும். வெளுக்காத பருத்திப் பேட்டிங்கில் பழுப்புப் பொட்டுகள் இருக்கும், மெல்லிய வெள்ளைக்கு அடியில் அவை தெரியும். வெளுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பின்துணியும் வெளிராகவே இருக்கட்டும்.

அடுத்தது மேல்தையல், அதாவது மூன்று அடுக்கையும் சேர்த்து மேலே ஓட்டும் தையல். வெளிர் குயில்ட்டின் பாதி அழகு இங்கேதான். நிறம் பேசாத துணியில் பள்ளமும் மேடும் பேசும். பிரான்சின் மார்செய் நகரத்துப் பட்டறைகளில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் முழுக்க முழுக்க வெள்ளையிலேயே புடைப்பு வேலை செய்து ஏற்றுமதி செய்தார்கள். அவற்றில் பூவும் கொடியும் தெரிவது நிழலால் மட்டும்தான். நாமும் அதையே செய்யலாம். எழுந்து நிற்கவேண்டிய வடிவத்தைத் தைக்காமல் உப்பலாக விட்டு, அதைச் சுற்றிக் கால் அங்குல இடைவெளியில் நெருக்கமாகக் கோடுகள் ஓட்டுங்கள். சுற்றியுள்ள இடம் அமுங்க அமுங்க வடிவம் மேலே வரும். நூல் துணியின் நிறத்திலேயே இருக்கட்டும்.

கோடு போட நீல மார்க்கர் எடுத்தால் ஓரத்துணியில் ஒருமுறை சோதியுங்கள். தண்ணீரில் போகும் அந்த மையின் மேல் இஸ்திரிப்பெட்டி பட்டால் கறை நிலைத்துவிடலாம். நான் ஹேரா மார்க்கரை வைத்து அழுத்திக் கோடு போடுகிறேன். மையே இல்லாத, மழுங்கிய பிளாஸ்டிக் கத்தி அது. துணியில் மடிப்பு மாதிரி ஒரு தடம் மட்டும் விழும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தால் தடம் நன்றாகத் தெரியும். அதே வெளிச்சத்தில் உங்கள் மேல்தையல் எப்படிப் புடைத்து வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குலப் பட்டை, மூன்றாவது குவியலில் இருந்து. கடைசியாக, மார்க்கர் போட்டிருந்தால் முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், சோப்பு அதற்கப்புறம். சாயம் இறங்கும் என்று சந்தேகம் உள்ள துணி ஏதாவது இருந்தால் அதைத் தைப்பதற்கு முன்பே தனியாக நனைத்துப் பார்த்திருக்க வேண்டும். பருத்திப் பேட்டிங் முதல் துவையலில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும், மேலே மெல்லிய சுருக்கங்கள் விழும். அதை இஸ்திரி போட்டு நிமிர்த்தப் போகாதீர்கள்.